ஆரஞ்சு, பச்சை, வயலட் - ஓர் அட்வான்ஸ் கதை

சென்னையில் பேச்சுலருக்கு வீடு கிடைப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். கிடைத்த வீட்டைத் திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் பதிவு அந்த இரண்டாவது கஷ்டத்தைப் பற்றியது. டிகிரி முடித்து வீட்டைக் காலி செய்யப்போகும் மக்கள் கடைசி வரை படித்துவிடுவது நல்லது.

குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஃபிளாட். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. 2022-இல் பி.காம். சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. ஒருவன் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவன் தேனி, ஒருவன் வேலூர். பெயரெல்லாம் வேண்டாம், ஊர் போதும். வாடகை மாதம் 12,000. அட்வான்ஸ் 60,000. தலைக்கு இருபதாயிரம்.

அந்த இருபதாயிரத்தைத் தேனிக்காரனுக்கு அப்பா கொடுத்தார். வேலூர்க்காரனுக்கு மாமா கொடுத்தார். தஞ்சாவூர்க்காரனுக்கு அம்மாவின் தோடு கொடுத்தது. ஊரில் தோட்டை அடகு வைத்து வாங்கிய பணம் அது. வருஷா வருஷம் வட்டி கட்டி மறு அடகு வைத்து மூன்று வருடம் ஓட்டியாகிவிட்டது. "அட்வான்ஸ் வந்ததும் மூட்டுடலாம்மா" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மா மூன்று தீபாவளியையும் கவரிங் தோட்டோடுதான் கழித்தார்.

இனி சுவருக்கு வருவோம்.

2023 பொங்கல் விடுமுறை முடிந்து வந்த புதிதில் தேனிக்காரனுக்கு ஒரு ஆசை. க்ரீம் கலர் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். பெயின்ட் கடையில் யாரோ கலர் கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன டப்பாக்கள் ஒரு மூலையில் கிடக்குமே, பார்த்திருப்பீர்கள். அப்படிக் கிடந்தவற்றைப் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு வந்தான். நல்ல கலரை யாராவது வாங்காமல் போவார்களா? ஹாலில் மூன்று சுவர் ஆரஞ்சு, ஒரு சுவர் கிளிப்பச்சை. பெட்ரூம் நாலு சுவரும் வயலட். ஹவுஸ் ஓனரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்கப்பா, மத்தபடி எதையோ பண்ணுங்க."

இதை எழுதி வாங்கவில்லை. மூன்று பேரும் காமர்ஸ் மாணவர்கள். பிசினஸ் லா பேப்பர் எழுதிப் பாஸ் ஆனவர்கள் :-)

2025 மே மாதம். பரீட்சை முடிந்து மே 31-ஆம் தேதி காலி செய்கிறோம் என்று சொன்னதும் ஓனர் ஒரு நாள் மாடிக்கு வந்து பார்த்தார். ஹாலில் ஒரு சுற்று, பெட்ரூமில் ஒரு சுற்று. பிறகு அமைதியாகச் சொன்னார்: "சாதாரணமா ஒரு மாச வாடகை பெயின்டிங்குக்குப் பிடிப்போம். இந்தக் கலர மூட பன்னண்டு பத்தாது தம்பி. இருபதாயிரம் பிடிச்சுக்கிறேன்."

இருபதாயிரம். அதாவது ஒருவனுடைய முழுப் பங்கு. அதாவது ஒரு ஜோடி தோடு.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசவேண்டும். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது அது. (சென்னையில் பெரும்பாலும் வேறுமாதிரிதான் எழுதிக்கொள்கிறார்கள்.) யார் எந்தப் பராமரிப்பைச் செய்யவேண்டும் என்று பின்னால் ஒரு அட்டவணையும் உண்டு. அதில் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது இரண்டும் ஓனர் பக்கத்தில்தான் வருகின்றன. இதையும் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ள முடியும். வேலூர்க்காரன் இதைக் கண்டுபிடித்துக் குதித்தான். ஆனால் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், "ஒப்படைத்த நிலையிலேயே திருப்பித் தரவேண்டும்" என்று ஒரு வரி. க்ரீம் கலரில் வாங்கி வயலட்டில் திருப்பிக் கொடுப்பதை எந்த நீதிபதியும் சாதாரணத் தேய்மானம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். ஓனர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் பிரச்சினையே.

பெயின்டர் ஒருவரை அழைத்துக் கேட்டார்கள். பொருளும் கூலியும் சேர்த்து 18,000 என்றார். மூன்று பேர் கையிலும் சேர்த்து இருந்தது ஆறாயிரம்.

"நாமளே அடிப்போம். அன்னைக்கு அடிச்சவனுக்கு இன்னைக்கு அடிக்கத் தெரியாதா?" என்றான் தேனிக்காரன். பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டான், அதுவரைக்கும் பாராட்டவேண்டும். ஓனரும் சம்மதித்தார். நன்றாக இருந்தால் பெயின்டிங்குக்குப் பிடிக்கமாட்டேன், இல்லாவிட்டால் இருபதாயிரம் இருபதாயிரம்தான் என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வேலை அளவெடுப்பது. இது எளிது. அறையின் சுற்றளவை உயரத்தால் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழிக்கவேண்டும். ஹால் 14-க்கு 10, சுற்றளவு 48 அடி. உயரம் பத்து அடி. ஆக 480 சதுர அடி. கதவு ஜன்னல் 90 போக 390. பெட்ரூம் 10-க்கு 10. நானூறில் 60 போக 340. மொத்தம் 730 சதுர அடி. கூரை நல்லவேளையாக வெள்ளையாகவே இருந்தது. தேனிக்காரனுக்கு அண்ணாந்து அடிக்கச் சோம்பல் வந்ததால் தப்பித்தது.

இரண்டாவது வேலை பொருள் வாங்குவது. கோட்டை விட்டது இங்கேதான்.

கடையில் எது சல்லிசு என்று கேட்டார்கள். டிஸ்டெம்பர் என்றார்கள். பத்துக் கிலோ 1,050 ரூபாய். ப்ரைமர் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஏற்கெனவே பெயின்ட் அடிச்ச செவுருதாண்ணே, எதுக்கு?" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் சாமான்களை நடு ஹாலில் குவித்துவிட்டு, பெட்ரூமில் ஒரு சுவரில் ஆரம்பித்தார்கள். முதல் கோட்டிங்கில் வயலட் சிரித்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டாவது கோட்டிங்கில் புன்னகைத்தது. மூன்றாவது முடிந்து ராத்திரி ஃபேன் போட்டுவிட்டுப் படுத்தார்கள். காலையில் சுவர் வெள்ளையாகவும் இல்லை, வயலட்டாகவும் இல்லை. ரோஸ் பவுடர் பூசிய மாதிரி வெளிறிப் போய், திட்டுத் திட்டாக நின்றது. கையை வைத்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? வெள்ளைப் பெயின்டில் அடியில் இருப்பதை மறைக்கிற சக்தியைக் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற பொடி. டப்பாவுக்குள் இருப்பதில் விலை அதிகமான சரக்குகளில் அதுவும் ஒன்று. மலிவான பெயின்டில் அதைக் குறைத்து, சுண்ணாம்புக்கல் பொடி மாதிரியான சரக்கைக் கூட்டிவிடுவார்கள். வெள்ளைமேல் வெள்ளை அடிக்க அது போதும். வயலட்மேல் அடிக்கப் போதாது. ஆக, கிலோ எத்தனை ரூபாய் என்று பார்ப்பது தப்புக் கணக்கு. ஒரு சுவரை மூட எத்தனை கோட்டிங், அதற்கு எத்தனை ரூபாய் என்றுதான் பார்க்கவேண்டும்.

சனிக்கிழமை காலை வீட்டில் ஒரு சண்டை. தேனிக்காரன், "ஆயிரத்தம்பது ரூபா போட்டாச்சு, இன்னும் பாதி பக்கெட் இருக்கு, இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சுப் பார்ப்போம்" என்றான். வேலூர்க்காரன் கத்தினான்: "டேய், அது சங்க் காஸ்ட்டா!"

காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் தூங்காதவர்களுக்கு நினைவிருக்கும். போன பணம் போனதுதான். இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று பேரும் இதை அழகாக எழுதியிருந்தார்கள். சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒப்புக்கொள்வது வேறு விஷயம். பாதி பக்கெட்டைத் தூக்கிப் போட மனசு வரவேண்டுமே. கடைசியில் தஞ்சாவூர்க்காரன்தான் ஒன்றும் பேசாமல் வாளியில் தண்ணீர் பிடித்து, தேங்காய் நாரால் அந்தச் சுவரைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தான். மற்ற இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் மறுபடி கடை. திறந்த பக்கெட்டை அவர்கள் திருப்பி வாங்கவில்லை, வாங்கவும் மாட்டார்கள். ஆனால் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெயின்டர் இவர்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் இருபது வீட்டுக் கலர். அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் சாரம்:

"தம்பி, பழைய கலர மூடறது மேல அடிக்கிற பெயின்ட் இல்ல, கீழ அடிக்கிற ப்ரைமர். ப்ரைமர்ல கறுப்பு ஸ்டெயினர் கொஞ்சமா விடு. லேசா சாம்பல் தட்டணும், அவ்ளோதான். ஊர்ல சுண்ணாம்புல நீலம் கலக்க மாட்டாங்க? அது மாதிரி."

நீலம் கலப்பது வேறு காரணத்துக்கு. சுண்ணாம்பின் மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க. ஆனால் இரண்டிலும் தந்திரம் ஒன்றே. ஒரு துளி வேறு நிறம், வெள்ளையின் குறையை மறைக்கிறது. துளி கறுப்பு சேர்ந்ததும் ப்ரைமரின் மறைக்கும் சக்தி கூடிவிடுகிறது. ஆரஞ்சு, பச்சை, வயலட் மூன்றும் ஒரே சாம்பலுக்கு அடியில் போய்விடுகின்றன. அந்த வெளிர் சாம்பல்மேல் க்ரீம் கலர் இரண்டு கோட்டிங்கில் ஏறிவிடுகிறது.

ஆக வாங்கியது: ப்ரைமர் பத்து லிட்டர், ஸ்டெயினர் ஒரு சின்ன டப்பா, சுமாரான விலையில் க்ரீம் எமல்ஷன் பத்து லிட்டர், ஐந்து கிலோ பட்டி, உப்புத்தாள், ரோலர், பிரஷ், டேப். எமல்ஷன் பில்லில் 1,850. அதில் 282 ரூபாய் ஜிஎஸ்டி. பெயின்டுக்கு 18 சதவீதம். 2018 ஜூலை வரைக்கும் 28 சதவீதம் இருந்ததாம். "நல்லவேளை" என்றான் வேலூர்க்காரன். அவனுக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை மீதிப் பொழுது முழுவதும் பட்டி பார்ப்பதிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதிலும் போனது. ஆணி அடிக்காதீர்கள் என்று சொன்ன சுவரில் பதினோரு ஆணி ஓட்டை இருந்தது என்பதை இங்கே பதிவு செய்தாகவேண்டும். தேய்த்த தூசியில் மூன்று பேரும் திருநீறு பூசிய மாதிரி ஆனார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டதால் பிழைத்தார்கள்.

ஞாயிறு ப்ரைமர். சாயங்காலம் ஹால் முழுக்க மழைக்கு முந்தின வானம் மாதிரி இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக இருந்த ஆரஞ்சைக் காணோம். தேனிக்காரன் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். முதல் வருடம் அரியர் விழுந்த ராத்திரி, பிறந்த நாள் கேக், கிரிக்கெட் பார்த்த கூட்டம்... எடுத்த எல்லா போட்டோவிலும் பின்னால் அந்த ஆரஞ்சுதான்.

திங்கள் எமல்ஷன். காலையில் ஒன்று, நாலு மணி நேரம் விட்டு ஒன்று. மே மாத வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்தது. அதே வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் அடிக்கவேண்டியிருந்தது. ரோலர் ஓட்டுவது யாருக்கும் வரும். சுவரும் கூரையும் சேருகிற ஓரம் இருக்கிறதே, அங்கேதான் கை நடுங்குகிறது. டேப் ஒட்டியும் தேனிக்காரன் பிரஷ் பட்டு வெள்ளைக் கூரையில் நாலு இடத்தில் க்ரீம். பயந்துபோய் அந்தப் பெயின்டர் அண்ணனுக்கே போன் போட்டார்கள். வேலை முடித்து ஆறு மணிக்கு வந்தார். ஏணியில் ஏறினார். டேப்பெல்லாம் இல்லை. நாலு இஞ்ச் பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்தார். கோடு நூல் பிடித்த மாதிரி போனது. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு அறையின் ஓரத்தையும் முடித்து, கூரைக் கறையையும் சரி செய்துவிட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மூன்று பேர் நாலு நாள் செய்ததைவிட அந்தக் கோடுதான் வீட்டைக் காப்பாற்றியது.

ஓனர் 31-ஆம் தேதி வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்த்தார். "யாருப்பா அடிச்சது?" என்றார். சமையலறைக் குழாய் மாற்ற, தரையில் சிந்தின கறை எடுக்க என்று மூவாயிரம் பிடித்துக்கொண்டு 57,000 கொடுத்தார். தலைக்கு 19,000. மீந்த ஒரு லிட்டர் சொச்சம் பெயின்டை, பின்னால் எங்காவது ஒட்டுப் போட உதவும் என்று அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

தஞ்சாவூர்க்காரனுக்கு அசலுக்கு ஆயிரம் குறைந்தது. கடைசி வட்டி வேறு. மற்ற இருவரும் போட்டார்கள். தோடு மீட்டாகிவிட்டது.

வேலூர்க்காரன் எழுதிய கணக்கு, அப்படியே:

டிஸ்டெம்பர் (வீண்) - 1,050
ப்ரைமர் 10 லிட்டர் - 1,300
எமல்ஷன் 10 லிட்டர் - 1,850
ஸ்டெயினர் - 60
பட்டி 5 கிலோ - 220
உப்புத்தாள் - 150
ரோலர், பிரஷ் - 590
டேப் - 150
ஏணி வாடகை, மூன்று நாள் - 300
பெயின்டர் அண்ணன் - 500
டீ, பன் - 240
மொத்தம் - 6,410

பட்ஜெட்டைத் தாண்டி 410 ரூபாய். பதினெட்டாயிரம் ஆகும் வேலையை ஆறாயிரத்துச் சொச்சத்தில் முடித்துவிட்டோம் என்று மூன்று பேரும் இரண்டு நாள் மார்தட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது நாள் வேலூர்க்காரன் அதே பேப்பரில் அடியில் இன்னொரு வரி எழுதினான். மூன்று பேர், நாலு நாள், பன்னிரண்டு ஆள்-நாள். ஒரு பெயின்டருக்கு நாள் கூலி ஆயிரம் என்று வைத்தாலும் 12,000. கூட்டினால் 18,410.

அந்தப் பெயின்டர் கேட்ட 18,000 கொள்ளை இல்லை. சரியான விலை. இன்னும் சொன்னால் 410 ரூபாய் மலிவு.

அப்படியானால் இவர்கள் செய்தது நஷ்டமா? இல்லை. கையில் 18,000 இருந்தால் தோடு ஏன் அடகில் இருக்கப்போகிறது? இவர்களிடம் இருந்தது ஆறாயிரமும் நாலு நாளும். பணம் இல்லாதவர்கள் நாளைக் கொடுத்துத்தான் பொருளை வாங்குகிறார்கள். சிக்கனம் என்று நாம் சொல்வதில் பாதி, கணக்கில் எழுதாத கூலிதான். வீட்டில் அம்மாக்கள் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்குப் பின்னாலும் இப்படி எழுதாத ஆள்-நாள் எத்தனை இருக்குமோ. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அது வருவதில்லை.

கொசுறு: காலி செய்கிறவர்களுக்கும் புதிதாகக் குடி போகிறவர்களுக்கும்.

1. அடர் நிறச் சுவரை வெளிர் நிறமாக்க, ப்ரைமரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மேல் பெயின்ட் சுமாரானதாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.
2. ஸ்டெயினரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். அதிகமானால் அந்தச் சாம்பலை மூட இன்னொரு பக்கெட் வேண்டும். தேவையான ப்ரைமர் முழுவதையும் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். இரண்டாம் தடவை அதே சாம்பல் வராது.
3. டிஸ்டெம்பர் மாவாக உதிரும் சுவரில் நேரே எமல்ஷன் அடிக்காதீர்கள். கழுவி, தேய்த்து, காயவிட்டு, பிறகு.
4. பழைய வீட்டுக் கதவு ஜன்னல் எனாமலை உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி ஆபத்து.
5. ஓரம் அடிப்பதற்கு மட்டுமாவது தெரிந்த ஒருவரை அழையுங்கள். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.
6. ஓனர் "எதையோ பண்ணுங்க" என்று சொன்னால், அந்த "எதையோ" என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.